மூன்று மாதத்துக்கு ஒரு முறை

புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆளோடு கூடவே குடியிருக்கும் நோய். கணையத்தில் வரும் புற்று சில மாதங்களிலேயே கணக்கை முடித்துவிடுகிறது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் இறங்கும் குழாயைச் சுற்றி அமர்ந்திருக்கும் இந்தச் சிறு சுரப்பியில் வருவதோ, எலும்புக்குப் பரவிய பிறகும்கூட, மருந்து முறையாகக் கிடைத்தால் பல ஆண்டுகள் ஆளை நடமாட விடும். அந்த அவகாசத்துக்கான அறிவியலை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் கண்டார்கள். ஆண்மைச் சுரப்பு நீரான டெஸ்டோஸ்டிரோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. அதை நிறுத்தினால் கட்டி சுருங்குகிறது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய நோய்க்கு இன்றும் மருத்துவத்தின் அடித்தளம் அதுதான். ஒன்று, விதைகளை அறுவை செய்து எடுத்துவிடுவது. இல்லையென்றால், விதைகளுக்கு மூளையிலிருந்து போகும் கட்டளையை நிறுத்தும் ஊசியை மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போட்டுக்கொள்வது. கூடவே பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் தவணை தவறாமல் நடக்க வேண்டும். ஆக, இந்த நோய்க்கான சிகிச்சை ஒரு நாளில் முடிகிற காரியமாக இல்லை. அது ஒரு நாட்காட்டி. நாட்காட்டிப்படி வாழ, ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும். கூட வர ஆள் வேண்டும். ஒரு நாள் கூலியை விடும் தெம்பும் வேண்டும். கட்டியின் குணம் ஓரளவு ஒன்றாகவே இருக்கும் இருவரில் ஒருவர் பத்தாண்டு நடமாடுவதும் இன்னொருவர் இரண்டாண்டில் படுக்கையில் விழுவதும், பல நேரம் இந்த மூன்றும் யாரிடம் இருந்தன என்பதைப் பொறுத்தே நடக்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் பொருத்தமான இடம். இது போகிறவர்களின் ஊர். விழுப்புரம் சந்திப்பிலிருந்து ரயில் பாதைகள் ஐந்து பக்கம் பிரிகின்றன: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, புதுச்சேரி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 85 பேர் கிராமவாசிகள். எழுத்தறிவு 72 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, மாநிலத்துக்கோ 80. (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019இல்தான்.) கரும்பு, நெல், மணிலா, மரக்காணத்தில் உப்பளம் என்பவைதான் இங்குள்ள பிழைப்பு. மழை தவறினால் சென்னையின் கட்டட வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, பெங்களூரு, கேரளம் என்று ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் படித்த பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும், ஏஜெண்டுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இந்தப் போக்குவரத்து அறுபது, எழுபது வயதில் ஓர் ஆணின் உடம்பை எப்படித் தொடுகிறது என்பதை நம் மருத்துவ விவாதங்கள் அநேகமாகக் கேட்பதே இல்லை.

முதல் மறுப்பு உயிரியலிலிருந்து வரும். இது மரபணு நோய், இனத்துக்கு இனம் மாறும், ஊரும் உறவும் இதில் என்ன செய்துவிடும் என்பார்கள். மரபுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் வெள்ளை ஆண்களில் எட்டில் ஒருவருக்கும், கறுப்பின ஆண்களில் நான்கில் ஒருவருக்கும், ஆசிய வம்சாவளியினரில் 13இல் ஒருவருக்கும் வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுகிறது என்று 2015இல் வெளியான கணக்கு சொல்கிறது. வேறுபாடு பெரியதுதான். ஆனால் புலம்பெயர்ந்தவர்களைப் பார்த்தால் படம் மாறுகிறது. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரை ஹென்செலும் குரிஹாராவும் ஆராய்ந்து 1968இல் எழுதியது முதல், பல ஆய்வுகள் ஒன்றையே காட்டுகின்றன. ஜப்பானில் அரிதாக இருந்த புராஸ்டேட் புற்று, கடல் கடந்தவர்களிடம் கூடுகிறது. மரபணு கப்பலில் மாறுவதில்லை. சாப்பாடும், உடம்பின் எடையும், பரிசோதனை செய்யும் வழக்கமும்தான் மாறின. அதைவிட முக்கியமானது, நோய் வருவது வேறு, வந்தபின் வாழ்வது வேறு. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் இந்த நோயால் அதிகம் இறப்பதை நெடுநாள் இரத்தத்தின் குணம் என்றே பேசினார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அந்நாட்டு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே மருந்து. அங்கே சிகிச்சை பெற்ற 60 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2020இல் வந்த முடிவு, பத்தாண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் கறுப்பினத்தவரில் 4.4 விழுக்காடு, வெள்ளையரில் 5.1 விழுக்காடு என்றது. வாசல் ஒன்றானதும் இடைவெளி மறைந்துவிட்டது. நோய் யாருக்கு வரும் என்பதில் மரபுக்குப் பெரிய கை இருக்கலாம். வந்தவர் எப்படி வாழ்வார் என்பதில் வாசலின் கை அதைவிடப் பெரியது.

இந்தியாவின் எண்களைப் பார்ப்போம். 2022இல் உலகில் ஏறக்குறைய 14.7 லட்சம் பேருக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. 4 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 38 ஆயிரம், இறந்தவர்கள் சுமார் 18 ஆயிரம். உலகளவில் நான்குக்கு ஒன்று என்ற விகிதம் இங்கே இரண்டுக்கு ஒன்றை நெருங்குகிறது. இதை வைத்து நம் சிகிச்சை இருமடங்கு மோசம் என்று முடிவுகட்டக் கூடாது. பணக்கார நாடுகளில் பி.எஸ்.ஏ. பரிசோதனை பரவலாக இருப்பதால், ஒருநாளும் தொந்தரவு செய்திருக்காத சிறு கட்டிகளும் கணக்கில் சேர்கின்றன. பகுக்கும் எண் வீங்கினால் விகிதம் அழகாகத் தெரியும். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் என்ற ஆய்வில் 1,643 பேரை மூன்று கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்கு வெறும் கண்காணிப்பு என்று 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். எந்தக் கூறிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே. ஆனால் இது பரிசோதனையில் சீக்கிரமே அகப்பட்ட கட்டிகளின் கதை. விழுப்புரத்துக் கிராமத்தில் யாரும் ஐம்பது வயதில் பி.எஸ்.ஏ. பார்ப்பதில்லை. இரவில் நான்கு முறை எழுந்தால் 'வயசானா அப்படித்தான்'. நீர் சொட்டுச் சொட்டாகப் பிரிந்தால் உடம்புச் சூடு. இடுப்பு வலித்தால் தைலம், மருந்துக்கடை மாத்திரை. நீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டி வரும்போதோ, இடுப்பு வலியால் எழ முடியாதபோதோதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள். அதற்குள் நோய் எலும்பை எட்டியிருப்பது சாதாரணம். 'சும்மா விட்டாலும் ஒன்றும் ஆகாத நோய்' என்ற சமாதானம் வேறு மக்களுக்காகச் சொல்லப்பட்டது. இங்கே அது பொருந்தாது.

சிகிச்சை தொடங்கிய பிறகுதான் தூரம் தன் வேலையைக் காட்டுகிறது. கட்டி சுரப்பிக்குள்ளேயோ அதன் பக்கத்திலேயோ இருந்தால் கதிர்வீச்சு ஒரு நல்ல வழி. நம் மக்கள் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வழக்கமான முறையில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாக, வாரத்தில் ஐந்து நாள், 37 தடவை வைப்பார்கள், ஏழரை வாரம். விழுப்புரத்துக்கு 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் புற்றுநோய் என்றதும் இந்த வட்டாரத்தின் கால்கள் போவது புதுச்சேரி ஜிப்மருக்கும் அதன் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும்தான். இல்லையென்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969இல் தொடங்கிய அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தோற்றுவித்த அடையாறு இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி. என்று நீளும். திண்டிவனத்திலிருந்து ஜிப்மர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்து வாசலை ஒட்டியே போகும். பக்கம்தானே என்று தோன்றும். போக வர 80, அதை 37ஆல் பெருக்கினால் மூவாயிரம் கிலோமீட்டரை நெருங்குகிறது. புராஸ்டேட்டுக்குக் கரண்ட் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அக்கம்பக்க உறுப்புகள் கதிரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். மூன்றாவது வாரத்துக்கு மேல் நீர் அடிக்கடி வரும், வந்தால் அடக்க முடியாது. அந்த நிலையில் ஒருவர் நின்றுகொண்டு பேருந்தில் ஊர் திரும்புவதை எந்த மருத்துவப் பாடநூலும் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. பேருந்துநிலையக் கழிப்பறையின் நிலைமை எனக்கு ஒரு புற்றுநோய்ப் பிரச்சினையாகவே படுகிறது. அரசு நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால், துணைக்கு வரும் மனைவி கிராமத்திலிருந்து திண்டிவனம் வரை காசில்லாமல் வரலாம். அதற்குப் பிறகு புறநகர்ப் பேருந்தில் இருவருக்கும் டிக்கெட். இரண்டு பேரின் கூலியும் ஏழரை வாரத்துக்கு நின்றுபோகிறது.

இங்கே அறிவியல், தனக்குத் தெரியாமலே, ஒரு சமூக உதவி செய்திருக்கிறது. பிரிட்டனில் 3,216 ஆண்களைச் சேர்த்து நடத்திய சிப் ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு தடவைக்குக் கொடுக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டி, 37 தடவையை 20 ஆக்கினாலும் நோய் கட்டுப்படுவதில் குறையில்லை, தொந்தரவும் கூடவில்லை என்று அது காட்டியது. மருத்துவ இதழ்கள் இதை இயந்திர நேரம் மிச்சம், செலவு மிச்சம் என்று எழுதின. திண்டிவனத்துக் கூலிக்காரருக்கோ, இது சிகிச்சையை முடிப்பதற்கும் பாதியில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம். பாதியில் விட்ட கதிர்வீச்சு பாதிப் பலன் தருவதில்லை. பக்கவிளைவை முழுதாகக் கொடுத்துவிட்டு, கட்டிக்குத் தப்பும் வாய்ப்பையும் கொடுத்துவிடலாம்.

பரவிய நோய்க்கு வரும்போது, முகவரியே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஊசியா, விதைகளை எடுத்துவிடுவதா என்ற கேள்விக்குப் புத்தகம் சொல்லும் பதில், இரண்டும் நோயைக் கட்டுப்படுத்துவதில் சமம், விருப்பத்தைக் கேளுங்கள் என்பது. வசதியான நாடுகளில் அறுவையை இப்போது ஆண்கள் அநேகமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் நாட்டில் அது இன்னும் வழக்கில் இருப்பதற்கு, ஊசிக்கு ஒவ்வொரு தவணையும் ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, அந்த ஆள் மூன்று மாதம் கழித்து வருவாரா என்ற மருத்துவரின் சந்தேகம். கரும்பு வெட்டுக் கூட்டத்தோடு போகிறவர், சூளையில் முன்பணம் வாங்கியவர், சீசன் முடியாமல் திரும்ப முடியாது. ஊசி தவறினால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏறும், கட்டி விழித்துக்கொள்ளும். ஆகவே ஒரே தடவையில் முடிகிற அறுவையை மருத்துவர் பரிந்துரைப்பது பல நேரம் நியாயமான முடிவுதான். அவரைக் குறை சொல்ல நான் இல்லை. ஆனால் 'நோயாளியின் விருப்பம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுவதில் விருப்பம் எவ்வளவு, வேலை தேடி அலையும் வாழ்க்கை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற அபிராடெரோன் இன்று இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாக முன்பைவிட மலிவாகவே கிடைக்கிறது. அது ஊசிக்கோ அறுவைக்கோ மாற்று இல்லை, அவற்றின் மேல் சேர்க்கப்படுவது. அதைச் சாப்பிடுகிறவருக்கு ரத்த அழுத்தம், ஈரல், பொட்டாசியம் எல்லாம் அடிக்கடி பார்க்க வேண்டும். மாத்திரை பையில் போட்டுக்கொண்டு கூட வரும், பரிசோதனை வராது.

டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திய உடம்பு வேறு உடம்பு. தசை கரையும், எலும்பு மெலியும், வயிற்றில் கொழுப்பு ஏறும், சர்க்கரையும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடும். காரணமில்லாமல் உடம்பெல்லாம் அனல் பரவி வியர்க்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருவது போன்றதுதான், ஆனால் ஆண்கள் இதைப் பேசும் மொழியைக் கற்றதில்லை. மேசை வேலைக்காரருக்கு இவை தொந்தரவு. மூட்டை தூக்குகிறவருக்கு இவை வேலை இழப்பு. ஐந்து கிலோ தசை போனால் எழுத்தர் எழுத்தராகவே இருப்பார், சுமைதூக்கி சுமைதூக்கியாக இருக்க மாட்டார். சித்திரை வெயிலில் கரும்புக் கொல்லையில் நிற்கிறவருக்கு உள்ளிருந்தும் அனல் வந்தால் என்ன ஆகும் என்று நோயாளிகளுக்கான கையேடுகள் யோசித்ததில்லை. எலும்பு மெலிந்தவர் வரப்பில் தடுக்கி விழுந்தால் இடுப்பு முறிகிறது, அதோடு படுக்கை. மருத்துவம் இவருக்குச் சொல்லும் அறிவுரை உடற்பயிற்சி செய்யுங்கள், பளு தூக்கிப் பழகுங்கள் என்பது. வாழ்நாளெல்லாம் பளு தூக்கியவரிடம் இதைச் சொல்வதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. ஆனாலும் அறிவுரை சரியானதே. கூலிக்காக உடம்பை வதைப்பதும் தசையைக் காக்கும் அளவான பயிற்சியும் ஒன்றல்ல.

தாம்பத்தியம் பற்றி நம் ஊரில் கேள்வியே எழுவதில்லை. பேரன் பேத்தி எடுத்த ஆளுக்கு என்ன என்பார்கள், மருத்துவரும் அப்படியே கடந்துவிடுவார். பேசிப் பழகிய சமூகங்களில் மட்டும் நிலைமை பிரமாதம் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 35,823 ஆண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஒன்றரை முதல் மூன்றரை ஆண்டு ஆனவர்களில் 81 விழுக்காட்டினர் உடலுறவுத் திறன் மோசமாக இருப்பதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அதற்கு எந்த உதவியும் தர யாரும் முன்வரவில்லை. நல்ல மருத்துவ அமைப்பு உள்ள நாட்டிலேயே இது கேட்கப்படாத கேள்வி. இங்கே அது வேறு வடிவத்தில் வெளிப்படுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம், 'கல் அடைப்பு' என்று சொல்லிவிடு என்ற மறைப்பாக. மறைத்த நோய்க்குத் துணை தேட முடியாது.

துணை என்பது இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளி. அரசு மருத்துவமனை வார்டில் படுக்கை கேட்டதும் வரும் கேள்வி, 'கூட யார் வந்திருக்காங்க?' என்பதுதான். அதற்குப் பதில் இல்லாதவருக்கு ரத்தம் எடுத்துப் போய்க் கொடுக்கவும், ஸ்கேனுக்கு டோக்கன் போடவும், ரிப்போர்ட் வாங்கவும், மூத்திரப் பையைக் காலி செய்யவும் ஆளில்லை. அமெரிக்காவில் புராஸ்டேட் உட்படப் பத்து வகைப் புற்றுநோய்களில் 7,34,889 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மணமானவர்களுக்கு நோய் பரவுவதற்கு முன்பே கண்டறியப்படும் வாய்ப்பும், முழுச் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பும், பிழைக்கும் வாய்ப்பும் அதிகம்; இந்தப் பலன் பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதல். மணவாழ்வு கட்டியைச் சுருக்குவதில்லை. டாக்டரிடம் போ என்று நச்சரிக்கவும், தேதியை நினைவில் வைக்கவும் ஒருவர் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். ஏற்கெனவே உடல்நலமும் வசதியும் உள்ளவர்களே மணமாகி நிலைத்திருப்பார்கள், அதனால் வந்த தோற்றம் இது என்று ஆட்சேபிக்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் நோயின் நிலையையும் சிகிச்சையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வேறுபாடு முழுக்கப் போய்விடவில்லை. நம் வீட்டு வழக்கங்கள் இந்தத் துணையை இன்னும் சுருக்கி, ஒரே ஆளின் தலையில் வைக்கின்றன. மாமனாருக்கு மருமகள் சோறு போடலாம், டியூப்பைத் துடைக்கவோ ஈரமான துணியை மாற்றவோ இரு தரப்பும் ஒப்பாது. மகள் புகுந்த வீட்டில் இருப்பாள். மகன் ஊரில் இருந்தால் அவன் செய்வான், இல்லையென்றால் மனைவி மட்டுமே. மனைவி முந்திப் போய்விட்ட எழுபது வயதுக்காரர், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இந்த நோயோடு எப்படி வாழ்வார் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது.

மகன் பணம் அனுப்புகிறானே என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அது வெறும் சமாதானம் இல்லை. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டில் அப்பாவுக்கு ஊசி தவறுவதில்லை, தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க முடிகிறது, கார் வைத்துப் புதுச்சேரி போக முடிகிறது. திண்டிவனத்து லேபில் எடுத்த பி.எஸ்.ஏ. முடிவு, டாக்டர் பார்க்கும் முன்பே வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உள்ளூரிலேயே இருந்து நூறு நாள் வேலைக் கூலியில் பிழைக்கும் மகனைவிட, அயலூர் மகன் அப்பாவின் ஆயுளைக் கூட்டுவதும் உண்டு. ஆகவே புலம்பெயர்வு கெடுதி என்று மொத்தமாகச் சொன்னால் அது பொய். நான் சொல்வது இன்னும் குறுகலானது. பணம் வாங்கக்கூடியதும் வாங்க முடியாததும் இந்த நோயில் வேறு வேறு நேரத்தில் தேவைப்படுகின்றன. முதல் ஆண்டில் மருந்து, ஸ்கேன், அறுவை எல்லாம் பணத்தால் ஆகும். பின்வரும் ஆண்டுகளில் தேவைப்படுவது கவனிக்கும் கண். கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது என்பதை அன்றே பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முதுகெலும்பில் பரவிய கட்டி தண்டுவடத்தை அழுத்தும் அறிகுறி அது. ஒன்றிரண்டு நாளில் சிகிச்சை கிடைத்தால் நடை தப்பும், ஒரு வாரம் போனால் இடுப்புக்குக் கீழே வாழ்நாள் முழுதும் முடக்கம். வீடியோ அழைப்பில் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கும் அப்பாவின் கால்கள் திரைக்கு வெளியே இருக்கின்றன.

வெளியூர் போனவர் தானே நோயாளியாகும்போது கணக்கு வேறு மாதிரி சிக்கலாகிறது. இந்த நோய் பெரும்பாலும் அறுபதைத் தாண்டித்தான் தெரியவரும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கூலி வேலைக்கான அனுமதி பெரும்பாலும் அறுபதை ஒட்டியோ அதைச் சற்றுத் தாண்டியோ முடிந்துவிடும். சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், வேலைக்கு வைப்பவர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குறைந்தது 60 ஆயிரம் சிங்கப்பூர் டாலர் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். முன்பு 15 ஆயிரமாக இருந்தது. நல்ல மாற்றம். ஆனால் வேலை அனுமதி முடிந்த நாளில் காப்பீடும் முடிகிறது. உழைத்த நாடு உழைப்பை வைத்துக்கொண்டு முதுமையைத் திருப்பி அனுப்புகிறது. நாட்டுக்குள்ளும் அப்படியே. பெங்களூருவில் சாரம் கட்டியவர் உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்புகிறார். நோய்ப் புள்ளியியலில் இதற்கு ஆங்கிலத்தில் சால்மன் மீனின் பெயரை வைத்திருக்கிறார்கள், அது பிறந்த ஆற்றுக்கே சாகத் திரும்புவதால். விளைவு, குடியேறியவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நகரத்தின் கணக்கு காட்டும். அனுப்பிய ஊரில் நோயும் சாவும் சேரும். நம் புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஒருவரை ஒரு பகுதியின் வாசி என்று சேர்க்க, அங்கே ஓராண்டாவது குடியிருந்திருக்க வேண்டும். உள்ளூர்வாசியை வெளியூர் நோயாளியிலிருந்து பிரிக்க அது தேவையான விதி. குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதம் சூளை, நான்கு மாதம் ஊர், மீதி கரும்பு வெட்டு என்று வாழ்கிறவர் எந்தப் பதிவேட்டின் ஆள்? அவர் எண்ணப்படாமலே போக எல்லா வாய்ப்பும் உண்டு. எண்ணப்படாதவருக்காக யாரும் திட்டம் போடுவதில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பது கடைசி ஆட்சேபம், வலுவான ஆட்சேபமும்கூட. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இந்தியாவின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய சாதனை. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் வீட்டை விற்கும் நிலை பலருக்கு இதனால் தவிர்ந்திருக்கிறது. ஆனால் காப்பீடு சிகிச்சையை ஒரு சம்பவமாகப் பார்த்துப் பணம் கட்டுகிறது. பேருந்துக் கட்டணம், இரண்டு பேர் கூலி, பெரியவர்களுக்கான டயாப்பர் எதுவும் அதில் வராது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதிலிருந்துதான் இவை போக வேண்டும். கார்டு எடுக்கக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். ஊரில் இல்லாதவரின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து விடுபட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய அலைய வேண்டும். திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றுக்கும் குடும்ப அட்டைக்கும் நடந்த நெடிய போராட்டம் இந்த வட்டாரத்துக்குத் தெரியும். காகிதம் இல்லாத இடத்தில் 5 லட்சமும் இல்லை.

இதிலிருந்து என்ன செய்யலாம் என்பதற்கு, எல்லோருக்கும் பி.எஸ்.ஏ. என்ற கோஷம் விடை ஆகாது. அது தேவையற்ற அறுவைகளைத்தான் பெருக்கும். நீர் அடைப்போ எலும்பு வலியோ உள்ள ஆணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்தப் பரிசோதனை கிடைப்பது வேறு விஷயம், அது வேண்டும். அதைவிட உடனடியாகச் செய்யக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற தவணையை வீட்டுக்கே கொண்டுபோவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும், வலி தணிப்புப் பராமரிப்பையும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. ஏற்கெனவே வேலைப் பளுவில் இருக்கும் ஊழியர்கள் மேல் இன்னொன்றா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாட்டில் ஆண்டுக்கு 38 ஆயிரம் புதிய நோயாளிகள் என்றால், இன்றைய எல்லைக்குட்பட்ட விழுப்புரம் மாவட்டத்தின் சுமார் 21 லட்சம் மக்களுக்கு அது ஐம்பது அறுபது பேர் ஆகும். தமிழ்நாட்டில் முதியவர்கள் அதிகம், கண்டறியப்படாதவர்களும் உண்டு என்று இருமடங்காக்கினால் நூற்றிருபது. 13 ஒன்றியங்களுக்குப் பிரித்தால், ஒன்றியத்துக்கு ஆண்டுக்குப் புதிதாகப் பத்துப் பேர் கூட வரமாட்டார்கள். ஒருவருக்கு ஆண்டில் நான்கு ஊசி, நான்கு ரத்தப் பரிசோதனை, கால்களில் பலம் இருக்கிறதா என்று நான்கு முறை நடக்கவிட்டுப் பார்ப்பது. சூளைக்குப் போயிருப்பவரின் அடுத்த தவணை எந்த மாவட்டத்தில் என்று தெரிந்துகொள்ள ஒரு கைபேசி எண்ணும், அந்த மாவட்டத்துச் செவிலியருக்கு ஒரு தகவலும் போதும்.